96 பேர் வாக்களித்தால் 124 வீடுகளும் கட்டுப்படுமா?

கேள்வி: கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில், 124 டவுன்ஹோம்கள் உள்ள குடியிருப்பில் 2016இல் வீடு வாங்கினேன். வேலை மாறியதால் 2023 முதல் அதை வாடகைக்கு விட்டிருக்கிறேன். இரண்டு மாதங்களுக்கு முன் எங்கள் எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) போர்டு, குடியிருப்பின் கட்டுப்பாடுகளைச் சொல்லும் சி.சி. அண்ட் ஆர். ஆவணத்தைத் திருத்திவிட்டதாக மின்னஞ்சல் அனுப்பியது. இனி மொத்த வீடுகளில் 15 சதவீதத்துக்கு மேல் வாடகைக்கு விடக்கூடாது, குத்தகை ஓராண்டுக்குக் குறையக்கூடாது, மீறினால் மாதம் 500 டாலர் அபராதம். 96 பேர் வாக்களித்ததில் 71 பேர் ஆதரவு, அதாவது 74 சதவீதம், ஆகவே நிறைவேறியது என்கிறார்கள். எங்கள் ஆவணத்திலோ '67 சதவீத வாக்குரிமை' என்றும் 'முதல் அடமானக்காரர்களில் 51 சதவீதத்தினரின் ஒப்புதல்' (அதாவது வீட்டுக்கடன் கொடுத்த வங்கிகளின் ஒப்புதல்) என்றும் இருக்கிறது. வங்கிகளைக் கேட்டீர்களா என்றதற்கு, அதெல்லாம் இப்போது தேவையில்லை என்கிறார் மேனேஜர். கூட்டக் குறிப்புகளான மினிட்ஸையும் வாக்குச்சீட்டுகளையும் காட்டச் சொன்னால், போர்டு மட்டுமே பார்க்கலாம் என்கிறார். திருத்தம் செல்லாவிட்டால் விதியாகப் போட்டுவிடுவோம் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். என் வாடகைதாரரைக் காலி செய்யச் சொல்ல வேண்டுமா?

பதில்: வேண்டாம். குத்தகையை முறிக்கவும் வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் எண்ணிக்கை சரியென்றால் இந்தத் திருத்தம் நிறைவேறவே இல்லை. நிறைவேறியிருந்தாலும் அதன் முக்கியமான பகுதி மாநிலச் சட்டத்தின் முன் நிற்காது. ஆனால் இதைக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னால் வாக்குவாதம்தான் மிஞ்சும். தாள்களைக் கையில் வாங்கிக்கொண்டு பேசுங்கள். அந்தத் தாள்களைக் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்குச் சட்டப்படியே இருக்கிறது.

எத்தனை பேரில் 67 சதவீதம்?

கலிஃபோர்னியாவில் இந்தச் சங்கங்களுக்கெல்லாம் பொதுவானது டேவிஸ்-ஸ்டர்லிங் சட்டம். 1985இல் இயற்றப்பட்டது. 2014 ஜனவரி முதல் சிவில் கோடில் 4000ஆம் பிரிவில் தொடங்கும் புதிய எண்களுக்கு மாறியது. உங்கள் ஆவணம் பழையதானால் அதில் 1350இல் தொடங்கும் எண்கள் இருக்கலாம். அவை இதே சட்டத்தின் முந்தைய எண்கள். அதைச் சாக்காக வைத்து 'அந்தச் சட்டமே இப்போது இல்லை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சி.சி. அண்ட் ஆர். திருத்தம் எப்போது நடைமுறைக்கு வரும் என்பதை 4270ஆம் பிரிவு சொல்கிறது. ஆவணம் கேட்கும் சதவீத உறுப்பினர்கள் ஒப்புதல் தந்திருக்க வேண்டும். வேறு யாருடைய ஒப்புதலையும் ஆவணம் கேட்டிருந்தால் அவர்களும் தந்திருக்க வேண்டும். இவை கிடைத்தன என்று சங்கத்தின் பொறுப்பாளர் ஒருவர் எழுத்தில் சான்றளித்துக் கையெழுத்திட்டு, நோட்டரி முன் உறுதிசெய்ய வேண்டும். பிறகு திருத்தம் கவுன்டி ரெக்கார்டர் (சொத்துப் பத்திரப் பதிவு) அலுவலகத்தில் பதிவாக வேண்டும். உங்களுக்கு அது அலமீடா கவுன்டி. இவை எல்லாம் முடிந்தால்தான் திருத்தம். மின்னஞ்சல் அறிவிப்பு திருத்தம் ஆகாது.

உங்கள் ஆவணத்தில் அந்த வரியை எடுத்து, 67 சதவீதம் என்பதற்கு அடுத்து என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான ஆவணங்களில் 'சங்கத்தின் மொத்த வாக்குரிமையில்' என்றோ 'எல்லா உறுப்பினர்களில்' என்றோ இருக்கும். அப்படியானால் அடித்தளம் 124. அதில் 67 சதவீதம் 83.08. 83 வாக்கு விழுந்தாலும் அது 66.9 சதவீதம்தான், எனவே 84 வேண்டும். கிடைத்த 71 வாக்கு என்பது 57.3 சதவீதம். போர்டு 96ஐ அடித்தளமாக வைத்து 74 சதவீதம் என்று காட்டுகிறது. 'பதிவான வாக்குகளில்' என்று உங்கள் ஆவணத்தில் இருந்தால் மட்டுமே அந்தக் கணக்கு சரி. சி.சி. அண்ட் ஆரில் அப்படி எழுதுவது அபூர்வம்.

இந்தப் பிழை அடிக்கடி நடக்கிறது, காரணமும் புரிந்துகொள்ளக் கூடியதே. டைரக்டர் தேர்தலில் கோரம், அதாவது குறைந்தபட்ச வருகை எண்ணிக்கை, இருந்தால் போதும், வந்த வாக்குகளில் கூடுதல் பெற்றவர் வெல்வார். ஆண்டுதோறும் அந்தக் கணக்கைப் போட்டுப் பழகிய போர்டு, திருத்தத்துக்கும் அதையே போடுகிறது. திருத்தத்தில் வாக்களிக்காமல் வீட்டில் இருந்தவரும் எதிர்த்து வாக்களித்தவருக்குச் சமம். இன்னொரு வழியிலும் அடித்தளத்தைச் சுருக்கப் பார்ப்பார்கள்: மாதக் கட்டணம் பாக்கி வைத்த வீடுகளுக்கு வாக்கில்லை என்று கழிப்பது. 2020 முதல் அதற்கும் இடமில்லை. வாக்குச்சீட்டு அனுப்பும் நாளில் உறுப்பினராக இருப்பவருக்கு, பாக்கி இருக்கிறது என்பதற்காகச் சீட்டை மறுக்க முடியாது.

போர்டுக்கு ஒரு நேர்வழி இருக்கிறது. 4275ஆம் பிரிவின்கீழ் மாநிலத்தின் விசாரணை நீதிமன்றமான சுப்பீரியர் கோர்ட்டுக்குப் போய், பாதிக்கு மேல் ஆதரவு இருக்கிறது, 67ஐ எட்ட முடியவில்லை, குறைந்த சதவீதத்தோடு ஏற்றுக்கொள்ளுங்கள் என்று மனுப் போடலாம். 124இல் பாதிக்கு மேல் என்றால் 63. அவர்களிடம் 71 இருக்கிறது. எல்லோரும் வாக்களிக்க உண்மையாக முயற்சி எடுத்தார்களா, தேர்தல் முறைப்படி நடந்ததா, திருத்தம் நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்கும். விசாரணை நாளுக்கு 15 நாட்களுக்குக் குறையாமல் எல்லா உறுப்பினர்களுக்கும், ஆவணப்படி அறிவிப்புப் பெற உரிமையுள்ள வங்கிகளுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உங்கள் போர்டு இந்த வழியில் போனதாகத் தெரியவில்லை. போனாலும் 15 சதவீத உச்சவரம்பு தப்பாது. 2021 முதல் நடப்பில் இருக்கும் 4741ஆம் பிரிவு, வாடகைக்கு விடக்கூடிய வீடுகளை மொத்தத்தில் 25 சதவீதத்துக்குக் கீழே குறைக்கும் எந்த விதியையும் இயற்றவோ அமல்படுத்தவோ கூடாது என்கிறது. உங்கள் குடியிருப்பில் 25 சதவீதம் 31 வீடுகள். 15 சதவீதம் 18 வீடுகள். நூறு சதவீதம் பேர் வாக்களித்தாலும் 18 என்ற எல்லை செல்லாது. வேண்டுமென்றே மீறும் சங்கம், இழப்பீட்டோடு 1,000 டாலர் வரை அபராதமும் கட்ட நேரலாம். 30 நாள் அல்லது அதற்குக் குறைந்த வாடகையைத் தடுப்பதற்கு அதே பிரிவு இடம் தருகிறது. ஓராண்டுக் குத்தகைக் கட்டாயம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அது 'நியாயமற்ற கட்டுப்பாடு' ஆகுமா என்பதில் வழக்கறிஞர்களிடையே இரண்டு கருத்து உண்டு. ஆகவே உங்கள் வாதத்தை அதில் கட்டாதீர்கள்.

2016இலேயே வாங்கிவிட்டேன், பிறகு வந்த திருத்தம் எனக்குப் பொருந்தாது என்றும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. முறையாக நிறைவேறிய திருத்தம் முன்பே வாங்கியவரையும் கட்டுப்படுத்தும் என்று கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் 2004இல் வில்லா டி லாஸ் பால்மாஸ் வழக்கில் சொல்லிவிட்டது. அது நாய் வளர்ப்புத் தடை பற்றிய வழக்கு. வாடகைத் தடைக்கு மட்டும் சட்டமே தனி விலக்குத் தருகிறது: 4740ஆம் பிரிவின்படி, நீங்கள் உரிமை பெற்ற பிறகு வந்த வாடகைத் தடை உங்களைக் கட்டுப்படுத்தாது. உங்கள் பத்திரத்தின் பதிவுத் தேதி இதற்கு ஆதாரம். அந்தப் பத்திரத்தின் நகலை இப்போதே எடுத்து வையுங்கள்.

500 டாலர் அபராதத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. 2025 ஜூன் இறுதியில் 5850ஆம் பிரிவு திருத்தப்பட்டது. உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ கேடு விளைவிக்கும் மீறல்களைத் தவிர மற்றவற்றுக்கு ஒரு மீறலுக்கு 100 டாலருக்கு மேல் விதிக்க முடியாது. அதையும் விதிக்கும் முன் உங்களை போர்டு கூட்டத்துக்கு அழைத்து, குறைந்தது 10 நாள் முன்னறிவிப்போடு, விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். அப்படி அறிவிப்பு வந்தால் கட்டாயம் போங்கள்.

வங்கி ஒப்புதல்

மேனேஜர் சொன்னது தவறு. ஆவணம் கேட்கும் 'வேறு யாருடைய' ஒப்புதலும் தேவை என்ற 4270இன் வரி அப்படியே இருக்கிறது. ஆவணத்தில் வங்கி ஒப்புதல் வரி இருக்கும்வரை அதற்கு உயிர் உண்டு. 4275 மனுவில்கூட, வங்கியின் அடமான உரிமையைக் குலைக்கும் திருத்தத்தை, ஆவணம் கேட்கும் சதவீத வங்கிகளின் ஒப்புதலின்றி ஏற்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இல்லை.

ஆனால் எல்லாத் திருத்தத்துக்கும் வங்கி தேவையா என்றால், இல்லை. உங்கள் ஆவணத்தில் 'அடமானக்காரர் பாதுகாப்பு' என்ற தலைப்பில் ஒரு அத்தியாயம் இருக்கும், பெரும்பாலும் கடைசிக்கு அருகில். அதில் எந்தெந்தத் திருத்தங்கள் முக்கியமானவை என்ற பட்டியலைத் தேடுங்கள். வங்கிகளிடமிருந்து வீட்டுக்கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனத்தின் பழைய வழிகாட்டுதலைப் பார்த்து எழுதப்பட்ட ஆவணங்களில் வாக்குரிமை, கட்டணமும் அதற்காக வீட்டின் மீது சங்கத்துக்குள்ள பிடிப்புரிமையும், ரிசர்வ் நிதி, பராமரிப்புப் பொறுப்பு, வீட்டு எல்லை, காப்பீடு, விற்கும் உரிமை ஆகியவற்றோடு 'வாடகைக்கு விடுவதன் மீதான கட்டுப்பாடு' என்பதும் இருக்கும். அது இருந்தால் உங்கள் திருத்தத்துக்கு வங்கி ஒப்புதல் கட்டாயம். வங்கியைப் பாதகமாகப் பாதிக்கும் திருத்தங்களுக்கு மட்டும் என்று பொதுவாக எழுதியிருந்தால், வாடகை வரம்பு வங்கியைப் பாதிக்காது என்று போர்டு வாதிடலாம். அந்த வாதத்தில் வலு உண்டு.

அடுத்து, எத்தனை வங்கிகளில் 51 சதவீதம்? இங்கும் அதே அடித்தளச் சிக்கல்தான். உதாரணத்துக்கு 124 வீடுகளில் 88 வீடுகள் மீது முதல் அடமானக் கடன் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடன் இல்லாத வீடுகளும், வீட்டின் மதிப்பை வைத்து எடுக்கும் ஹெச்.இ.எல்.ஓ.சி. போன்ற இரண்டாம் கடன்களும் கணக்கில் வராது. 'முதல் அடமானக்காரர்கள்' என்று மட்டும் இருந்தால் 88இல் 51 சதவீதம், அதாவது 45 ஒப்புதல்கள். பொதுவாக ஒரு கடனுக்கு ஒரு வாக்கு என்பதால் ஒரே வங்கிக்கு இருபது கடன் இருந்தால் இருபது வாக்கு. 'தகுதிபெற்ற அடமானக்காரர்கள்' என்றிருந்தால் கதை வேறு. சங்கத்துக்கு எழுதி, எனக்கு அறிவிப்பு அனுப்புங்கள் என்று கேட்டுப் பதிந்துகொண்ட வங்கிகள் மட்டுமே கணக்கில் வரும். ஆறு வங்கிகள் கேட்டிருந்தால் நான்கு போதும். யாரும் கேட்காத குடியிருப்புகளும் நிறைய உண்டு. அங்கே கேட்க ஆளில்லை என்று விட்டுவிடாமல், கோப்பைத் தேடிப் பார்த்தோம், கோரிக்கை எதுவும் இல்லை என்று பதிவுச் சான்றிலேயே எழுதிவைப்பது நல்ல போர்டின் வேலை.

வங்கிகள் பதில் போடுவதில்லை என்பதுதான் போர்டுகளின் நிரந்தரக் குறை. அது உண்மையும்கூட. டீட் ஆஃப் டிரஸ்டில், அதாவது அடமானப் பத்திரத்தில், இருக்கும் பெயர் கடன் கொடுத்த முதல் நிறுவனத்தினுடையது. அந்தக் கடன் பலமுறை கைமாறியிருக்கும். பல பத்திரங்களில் பயனாளியாக மெர்ஸ் என்ற பதிவு நிறுவனத்தின் பெயரே நிற்கும். மாதத் தவணையை வாங்கும் சர்வீசர் மூன்றாவது ஓர் நிறுவனம். கடன் எண்ணோ வீட்டு முகவரியோ இல்லாத பொதுக் கடிதம் அங்கே போனால் எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று தெரியாமல் ஒதுக்கப்படும். எனவே ஒவ்வொரு கடிதத்திலும் வீட்டு முகவரி, மனை எண், டீட் ஆஃப் டிரஸ்டின் பதிவு எண், மெர்ஸ் இருந்தால் அதன் 18 இலக்க எண், திருத்தத்தின் முழு வாசகம், பதில் வந்து சேர வேண்டிய கடைசி நாள், கையெழுத்திட்டுத் திருப்பும் தாள் இவ்வளவும் இருக்க வேண்டும். இந்த விவரங்களைத் திரட்டச் சங்கங்கள் சொத்துரிமைப் பதிவுகளைத் தேடித் தரும் டைட்டில் கம்பெனியிடம் கட்டணம் கட்டி அறிக்கை வாங்குவது வழக்கம். பத்திரத்தில் உள்ள முகவரி, பிறகு பதிவான கைமாற்றத்தில் உள்ள முகவரி, சர்வீசர் முகவரி எல்லாவற்றுக்கும் ரிட்டர்ன் ரசீதுடன் சர்ட்டிஃபைட் மெயிலில் அனுப்ப வேண்டும்.

ஏனென்றால் மௌனம் சம்மதமாவது தானாக நடப்பதில்லை. ஆவணத்தில் அப்படி ஒரு வரி இருக்க வேண்டும். ஃபேனி மே தன் வழிகாட்டியில் வைத்திருக்கும் அளவு 60 நாள்: முறையான அறிவிப்பு கையில் கிடைத்து 60 நாளுக்குள் பதில் வராவிட்டால் ஒப்புதலாகக் கொள்ளலாம், ஆனால் ரிட்டர்ன் ரசீதுடன் சர்ட்டிஃபைட் அல்லது ரெஜிஸ்டர்ட் மெயிலில் போயிருக்க வேண்டும். சில ஆவணங்களில் இது 30 நாளாக இருக்கும். உங்கள் ஆவணம் சொல்வதே கணக்கு. அந்த வரி இல்லாவிட்டால் பதில் போடாத வங்கி ஒப்புக்கொள்ளாத வங்கிதான். சாதாரணத் தபாலில் அனுப்பியிருந்தால் நாள் எண்ணத் தொடங்கவே இல்லை.

உங்கள் கடன் பத்திரத்தோடு இணைத்திருக்கும் பி.யூ.டி. ரைடர் (சங்கம் உள்ள குடியிருப்பு வீட்டுக்கான பின்னிணைப்பு) என்பதையும் ஒருமுறை படியுங்கள். காண்டோவானால் காண்டோமினியம் ரைடர். வங்கியின் நலனுக்கென்றே எழுதப்பட்ட விதியை மாற்றும் திருத்தத்துக்கு, வங்கியின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் நீங்கள் சம்மதிக்கக்கூடாது என்று அதில் வாக்குக் கொடுத்திருப்பீர்கள். வாடகை வரம்பு அந்த வகையில் சேராது. ஆனால் அடுத்த முறை போர்டு, வங்கி ஒப்புதல் அத்தியாயத்தையே நீக்குகிறோம் என்று வாக்குக் கேட்டால், அது நேராக இதில் போய் முட்டும். ஆவணத்தைப் புதுப்பிக்கும் சங்கங்கள் பல இதைச் செய்யப் பார்க்கின்றன. அந்த வாக்குச்சீட்டில் ஆம் என்று குறிக்கும் முன் உங்கள் சர்வீசருக்கு எழுதுங்கள்.

என் யோசனை: வங்கி ஒப்புதலை இரண்டாவது வாதமாக வையுங்கள். அது வங்கிக்கான பாதுகாப்பு, உறுப்பினர் ஏன் எழுப்புகிறார் என்று எதிர்த்தரப்பு கேட்கும். ஒப்புதல் கிடைத்தால்தான் திருத்தம் நடைமுறைக்கு வரும் என்று 4270 சொல்வதால் நீங்கள் எழுப்பலாம். ஆனால் 84க்கு 71 என்பதற்கு விளக்கமே வேண்டாம்.

தாள்களைக் கேட்கும் முறை

'போர்டு மட்டுமே பார்க்கலாம்' என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. 5200 முதல் 5240 வரையான பிரிவுகள் உறுப்பினர் பார்க்கவும் நகலெடுக்கவும் உரிமையுள்ள ஆவணங்களைப் பட்டியலிடுகின்றன. வாயால் கேட்பதும் போர்ட்டலில் செய்தி போடுவதும் போதாது. ஆண்டுக் கொள்கை அறிக்கையில் சங்கத்துக்கான கடிதங்களைப் பெறுபவர் யார் என்று போட்டிருப்பார்கள். அவருக்கு, அப்படி யாரும் குறிக்கப்படாவிட்டால் தலைவர் அல்லது செயலருக்கு, சர்ட்டிஃபைட் மெயிலில் எழுதுங்கள்.

தேர்தல் ஆவணங்களுக்கு ஒரு கடிதம். திரும்பி வந்த வாக்குச்சீட்டுகள், கையெழுத்திட்ட வெளி உறைகள், வாக்காளர் பட்டியல், ப்ராக்ஸிகள் (பிறர் சார்பில் வாக்களிக்கும் அதிகாரச் சீட்டுகள்) ஆகியவை இதில் அடங்கும். சி.சி. அண்ட் ஆர். திருத்தத்துக்கு இரகசிய வாக்கெடுப்பு கட்டாயம். சீட்டு வாக்குப்பதிவுக்குக் குறைந்தது 30 நாள் முன்பே அனுப்பப்பட்டிருக்க வேண்டும். திருத்தத்தின் வாசகமும் கூடவே வந்திருக்க வேண்டும். உங்களுக்கு வந்த உறை இன்னும் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். வெளி உறைகளைப் பார்க்கலாம், நகலெடுக்கக்கூடாது. எனவே ஒரு நோட்டும் வீட்டு எண் பட்டியலும் எடுத்துப் போங்கள். வெளி உறை எத்தனை, சீட்டு எத்தனை, ஒரே வீட்டிலிருந்து இரண்டு உறை வந்திருக்கிறதா, கையெழுத்து இல்லாத உறை எண்ணப்பட்டதா, கடைசி நாள் கடந்து வந்தவை உண்டா என்று குறியுங்கள். வாக்குகளை எண்ணிய தேர்தல் ஆய்வாளர் யார் என்றும் கேளுங்கள். போர்டு உறுப்பினரோ அவர் உறவினரோ எண்ணக்கூடாது. சங்கத்தோடு வேறு சேவைக்கு ஒப்பந்தம் உள்ள மேனேஜ்மென்ட் கம்பெனியும் 2020 முதல் எண்ண முடியாது. இந்தக் கடிதத்தைத் தள்ளிப்போடாதீர்கள். தேர்தல் ஆவணங்களை ஓராண்டு வைத்திருந்தால் போதும் என்பதே சட்டம்.

மினிட்ஸுக்குத் தனிக் கடிதம். போர்டு கூட்ட மினிட்ஸ், அல்லது அதன் வரைவு, கூட்டம் முடிந்த 30 நாளுக்குள் உறுப்பினருக்குக் கிடைக்க வேண்டும். பழைய மினிட்ஸை எப்போதும் கேட்கலாம். போர்டு தனியாகக் கூடும் நிர்வாக அமர்வின் மினிட்ஸ் கிடைக்காது.

மூன்றாவது கடிதம் பலருக்குத் தோன்றாதது. வங்கிகளுக்குப் போன கடிதங்களும் வந்த பதில்களும் 5200இன் பட்டியலில் பெயர் சொல்லி இல்லை. நேரடியாகக் கேட்டால் மறுக்க இடம் உண்டு. ஆனால் சங்கம் செலவழித்த பணத்தின் பில், ரசீது, காசோலை, கிரெடிட் கார்டு அறிக்கை, ஒப்பந்தங்கள் எல்லாம் பட்டியலில் உள்ளன. 88 சர்ட்டிஃபைட் கடிதம் அனுப்பியிருந்தால் தபால் செலவு இருக்கும். டைட்டில் கம்பெனி பில் இருக்கும். திருத்தத்துக்காக வழக்கறிஞருக்கும் ஆய்வாளருக்கும் டைட்டில் கம்பெனிக்கும் தபாலுக்கும் கொடுத்த தொகைகளின் பில்களைத் தேதி வரம்போடு கேளுங்கள். அப்படி ஒரு செலவே இல்லை என்றால் வங்கிகளுக்கு எதுவும் போகவில்லை என்பது தெரிந்துவிடும். வழக்கறிஞர் பில்லில் ஆலோசனை விவரத்தைக் கறுப்படித்துத் தரலாம், அது நியாயமே.

நடப்பு நிதியாண்டின் ஆவணங்களுக்குக் கெடு 10 வேலை நாள்; முந்தைய இரண்டு ஆண்டுகளுக்கு 30 நாள். நகலெடுக்கும் நேரடிச் செலவை உங்களிடம் வாங்கலாம், ஆனால் முன்கூட்டியே தொகையைச் சொல்லி உங்கள் சம்மதம் பெற வேண்டும். பில், ரசீது போன்றவற்றில் கறுப்படிக்கும் வேலைக்கு மணிக்கு 10 டாலர், ஒரு கோரிக்கைக்கு மொத்தம் 200 டாலருக்கு மேல் கேட்க முடியாது. நீங்கள் ஊரில் இல்லாததால், உங்கள் சார்பில் பார்வையிட ஒருவரை எழுத்தில் நியமிக்கலாம். அண்டை வீட்டுக்காரரானாலும் சரி, கணக்காளரானாலும் சரி. உறுப்பினர் பட்டியல் வேண்டுமானால் எதற்கு என்று எழுத வேண்டும்: 'திருத்தம் பற்றி மற்ற உரிமையாளர்களுக்குத் தெரிவிக்க' என்பது போதுமான காரணம். விலகிக்கொள்கிறேன் என்று எழுதிக்கொடுத்தவர்களின் விவரம் வராது. மற்றவர்களின் கட்டணப் பாக்கி, ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புகளைக் கேட்காதீர்கள். கிடைக்காது, கேட்டால் உங்கள் நியாயமான கோரிக்கையும் வம்பாகத் தோன்றும்.

மறுத்தால், எந்தச் சட்ட அடிப்படையில் மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். சொல்ல வேண்டிய கடமை உண்டு. அதற்கும் பதில் இல்லையென்றால் சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் நீதிமன்றம். எஸ்.சி.-100 படிவம், தொகையைப் பொறுத்து 30 முதல் 75 டாலர் கட்டணம், வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பேசலாம். மறுக்கப்பட்ட ஒவ்வொரு தனி எழுத்துக் கோரிக்கைக்கும் 500 டாலர் வரை அபராதம் விதிக்கலாம். மூன்று கடிதமாகப் பிரிக்கச் சொன்னதில் இதுவும் ஒரு காரணம். அதற்காக முப்பதாகப் பிரிக்காதீர்கள், நீதிபதி அதைக் கவனிப்பார். திருத்தம் செல்லாது என்ற அறிவிப்பை மட்டும் ஸ்மால் கிளெய்ம்ஸ் தராது. அதற்கு சுப்பீரியர் கோர்ட், அதற்கு முன் சமரசப் பேச்சுக்கான முறையான அழைப்பு, கூடவே இந்தத் துறை தெரிந்த ஒரு வழக்கறிஞர் வேண்டும்.

விதியாகப் போட்டுவிடுவோம் என்ற மிரட்டலைப் பற்றி: போர்டு இயற்றும் நடைமுறை விதி, சட்டத்துக்கும் சி.சி. அண்ட் ஆருக்கும் சங்க நிர்வாக விதிகளான பைலாவுக்கும் கீழே நிற்பது. மேலே உள்ளதோடு முரண்பட்டால் செல்லாது. 15 சதவீத வரம்பு விதியாக வந்தாலும் 4741 அதையும் தடுக்கும். விதி மாற்றத்துக்கு வாசகத்தோடு 28 நாள் முன்னறிவிப்பு வேண்டும், நிறைவேறிய 15 நாளுக்குள் மறுபடி அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பிலிருந்து 30 நாளுக்குள் 5 சதவீத வீடுகளின் உரிமையாளர்கள், உங்கள் இடத்தில் 7 பேர், கையெழுத்திட்டுக் கொடுத்தால் அதை ரத்துசெய்ய வாக்கெடுப்பு நடத்தியே ஆக வேண்டும். அங்கே கோரத்தில் பெரும்பான்மை போதும். ரத்தானால் ஓராண்டுக்கு அதே விதியைக் கொண்டுவர முடியாது.

வேறு மாநிலங்களில் இருப்பவர்கள் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். டெக்ஸாஸில் ஆவணம் குறைந்த சதவீதம் சொல்லாவிட்டால் மொத்த வாக்குகளில் 67 சதவீதம் என்று ப்ராப்பர்ட்டி கோடே சொல்கிறது. ஆவணக் கோரிக்கையைச் சர்ட்டிஃபைட் மெயிலில்தான் அனுப்ப வேண்டும். ஃப்ளோரிடா காண்டோ சட்டத்தில், வங்கி ஒப்புதல் இல்லாத திருத்தத்தை எதிர்த்துப் போகும் உரிமை அந்த வங்கிக்கு மட்டுமே. அங்கே வீட்டுக்காரர் இந்த வாதத்தை எடுக்க முடியாது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. இந்த வாரமே அலமீடா கவுன்டி ரெக்கார்டரின் குறியீட்டில் உங்கள் சங்கத்தின் பெயரைத் தேடி, திருத்தம் பதிவாகியிருக்கிறதா பாருங்கள். பதிவாகியிருந்தால் சான்றிதழ்ப் பக்கத்தோடு நகல் வாங்குங்கள்; பொறுப்பாளர் அதில் என்ன எண்ணிக்கைக்குக் கையெழுத்திட்டிருக்கிறார், வங்கிகளைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறாரா என்பது முக்கியம். ரெக்கார்டர் வாக்கை எண்ணிப் பார்ப்பதில்லை. பதிவானதாலேயே அது செல்லுபடியாகிவிடாது. மூன்று கடிதங்களையும் அனுப்புங்கள். 71 என்ற எண் உறுதியானதும் போர்டுக்கு ஒரு கடிதம் எழுதி, ஒன்று திருத்தத்தைத் திரும்பப் பெறும் ஆவணத்தைப் பதிவுசெய்யுங்கள், அல்லது 25 சதவீத வரம்போடும் இப்போதைய உரிமையாளர்களுக்கான விலக்கோடும் மறுபடி வாக்கெடுங்கள் என்று கேளுங்கள். குடியிருப்பில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வாடகைக்கு ஒரு எல்லை வேண்டும் என்று நினைக்கிறார்கள் என்பதும் உண்மை. இரண்டாவது வழியில் உங்கள் ஒத்துழைப்பைத் தருவதாகவும் எழுதலாம். முடிவை அறிவித்த மின்னஞ்சலின் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். தேர்தல் முறையை எதிர்த்து வழக்குப் போடும் உரிமைக்கு 5145ஆம் பிரிவு தரும் கால அளவு ஓராண்டு. அதில் இரண்டு மாதம் போய்விட்டது.